ஜாமீன் கிடைத்த பிறகு

"ஜாமீன் கொடுத்தாச்சு" என்று கோர்ட் ஹாலை விட்டு வெளியே வந்து வக்கீல் சொன்னதும் அவர் வேலை முடிந்துவிடுகிறது. குமாஸ்தாவின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. கீழத்தஞ்சைப் பக்கம் ஒரு தாலுகா கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக நான் பார்த்துவரும் வேலை இது. கேஸ் கட்டு எடுத்துவைப்பது, வாய்தா தேதி குறிப்பது, நகல் மனு போடுவது என்று வக்கீல் குமாஸ்தாவுக்கு எத்தனையோ வேலைகள் உண்டு. என் காலத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது ஜாமீன்தாரர்களைத் திரட்டும் வேலைதான். சட்டத்தின் முன் எல்லோரும் சமமா என்று என்னைக் கேட்டால், தீர்ப்புகளைப் புரட்ட வேண்டாம், ஜாமீன் உத்தரவு வந்த நாளையும் அந்த ஆள் சிறையை விட்டு வெளியே வந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள் என்பேன். அரசியலமைப்பின் 14-வது பிரிவு எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

உத்தரவில் வழக்கமாக வரும் வரி இது: பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரண்டு நபர் பிணையும் கொடுத்து வெளியே போகலாம். முதல்முறை கோர்ட்டுக்கு வருகிறவர்கள் பத்தாயிரத்தைக் கட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து, தோட்டை அடகு வைத்து ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார்கள். பணம் யாரும் கேட்கவில்லை. "இவர் வாய்தாவுக்குத் தவறாமல் வருவார், வராவிட்டால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் சொல்லிக்கொள்ள ஏதாவது சொத்து வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ, சொந்தப் பெயரில் வீட்டு வரி ரசீது, நிலம் இருந்தால் சிட்டா, வி.ஏ.ஓ. சான்று. தொகை பெரிதென்றால் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுகள் பலவற்றில், இருவரில் ஒருவர் ரத்த சம்பந்தம் உள்ளவராக இருக்க வேண்டும், பத்திரத்தில் போட்டோ ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்றும் இருக்கும். போலி ரசீதோடு கூலிக்கு ஜாமீன் போடும் ஆட்கள் கோர்ட் வாசலில் பெருகியதால் வந்த கட்டுப்பாடுகள் இவை. காரணம் நியாயமானதுதான். அதன் சுமை யார் தலையில் போய் இறங்கியது என்பதே என் கேள்வி.

எங்கள் பக்கத்துக் காலனிகளை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பல வீடுகள் கோயில் அடிமனையில் நிற்கின்றன. சில புறம்போக்கில். தொகுப்பு வீடு கிடைத்தவர்களுக்குப் பட்டா செத்துப்போன தகப்பனார் பெயரில் இருக்கும், பெயர் மாற்ற எவரும் அலைந்திருக்க மாட்டார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள், ரசீது ஒன்றுதான். அந்தத் தெரு முழுக்கத் தேடினாலும் கோர்ட் ஒப்புக்கொள்ளும்படியான காகிதம் இரண்டு வீட்டில் இருந்தால் அதிகம். அந்த இரண்டு பேரும் ஏற்கெனவே யாருக்காவது ஜாமீன் போட்டிருப்பார்கள். இதற்குமுன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறாய் என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என 2005 திருத்தத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 441-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அப்புறம் அவர்கள் கையெழுத்தும் செல்லாமல் போகும்.

காகிதம் உள்ளவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். நிலம் அவர்களுடையது, மோட்டார் கொட்டகை அவர்களுடையது. பெரும்பாலான வழக்குகளில் புகார் கொடுத்தவரும் அவர்களில் ஒருவராகவோ அவர்களுடைய உறவினராகவோ இருப்பார்.

பம்புசெட் ஒயர் திருட்டு வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். விவசாயக் கூலி ஒருவரைப் பிடித்து ரிமாண்ட் செய்திருந்தார்கள். முன்வழக்கு எதுவும் கிடையாது. என் சீனியர் கட்டணம் வாங்காமல் மனு போட்டார், அரசு வக்கீலும் பெரிதாக எதிர்க்கவில்லை, ஜாமீன் கிடைத்தது. அன்று கூடவே வந்திருந்த அவர் மனைவியிடம் என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதிக்கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் தனியாக வந்து நின்றார்.

"பெயில் ஆயிடுச்சுன்னு சொன்னீங்களே ஐயா, இன்னும் ஏன் விடல?"

"ஆள் கூட்டிட்டு வரச் சொன்னேனேம்மா, ரெண்டு பேர்."

"எங்க அண்ணன் வரேன்னுச்சு. அது வேற ஜில்லா. அந்த ஊரு ரசீது செல்லாதுன்னு உள்ள சொல்லிட்டாங்களே. இங்க யாருகிட்டங்க ஐயா போயி நிக்கிறது? வேலை குடுக்குறவரு, புகார் குடுத்தவரு என் பங்காளிங்கிறாரு."

இதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கும்? பக்கத்து ஊர்க் கீற்று வியாபாரி ஒருவரைப் பிடித்தேன். இன்னொருவர் கிடைக்கவில்லை. அந்த அம்மா நடவு முடிந்து கூலி வாங்கிய நாட்களில் மட்டும் சிறைக்குப் போய் மனு போட்டுப் புருஷனைப் பார்த்துவந்தார். கடைசியில் கையெழுத்துப் போட வந்தவர் சிறு விவசாயி ஒருவர். அவர் நல்ல மனிதர். ஆனாலும் அடுத்த அறுவடையில் அந்தக் குடும்பம் அவர் வயலில் கூலி வாங்காமல் வேலை செய்தது எனக்குத் தெரியும். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, ஜாமீன் போட்டவருக்கு அப்படித்தான் செய்வது என்று ஊரில் ஒரு நடைமுறை இருக்கிறது. உத்தரவில் எழுதாத இந்தக் கடனை எந்த நீதிபதியும் பார்த்திருக்க முடியாது. அந்த வழக்கு பின்னால் சாட்சி இல்லாமல் விடுதலையில் முடிந்தது. குற்றமே நிரூபணமாகாத மனிதர் ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளே கிடந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் சீட்டு நடத்திப் பலரை ஏமாற்றியதாக ஒருவர் மீது புகார் வந்தது. பெரிய தொகை, பெரிய குடும்பம். அவர் லாக்கப்பைக்கூடப் பார்க்கவில்லை. சென்னையிலிருந்து சீனியர் வக்கீல் ஒருவரை அமர்த்தி உயர் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் வாங்கினார்கள். கணக்குப்பிள்ளை பத்திரங்களை உறையில் போட்டு எடுத்துவந்தார், ஜாமீன்தாரர்கள் இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்தது. இதில் ஒரு வரிகூடச் சட்டத்துக்கு விரோதம் கிடையாது. லஞ்சமோ சிபாரிசோ நடந்ததாக நான் சொல்லவில்லை. ஜாமீன் ஏற்ற அலுவலரும் ஒருவர்தான், படிவமும் ஒன்றுதான். அந்தப் படிவம் இருவரிடமும் கேட்டது சொத்தை. ஒருவரிடம் இருந்தது, ஒருவரிடம் இல்லை. இத்தனை வருஷத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். அநியாயம் செய்தவர் என்று விரலை நீட்டிக் காட்ட அங்கே ஆளே கிடையாது.

வெளியே வந்தபின்னும் இது தொடர்கிறது. தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கண்டிஷன் இருக்கும். வயல் வேலை விடியற்காலையில் தொடங்குவது. நூறுநாள் வேலையில் காலைப் போட்டோவுக்கு நிற்காதவருக்கு அன்றைய கூலி போய்விடும். பத்தரைக்குப் போனால் எழுத்தர் வர நேரமாகும், இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார், கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது உச்சிவெயில். கூலிக்காரருக்குக் கையெழுத்துக் கண்டிஷன் என்றால் அத்தனை நாளும் சம்பளம் இல்லை என்று அர்த்தம். வசதி உள்ளவருக்கு வெளியூரில் தங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னாலும் லாட்ஜில் அறை எடுத்துக்கொள்வார், இரண்டு வாரத்தில் கண்டிஷன் தளர்வு மனு போட்டுவிடுவார். அந்த மனுவைப் போடலாம் என்பதே மற்றவருக்குத் தெரியாது. ஒரு நாள் தவறினால் ஜாமீனை ரத்து செய்ய மனு வரும். ஒரு வாய்தா தவறினால் பிடிவாரன்ட். அவர் ஓடிப்போயிருக்க மாட்டார், பஸ்ஸுக்குக் காசு இருந்திருக்காது. என் அனுபவத்தில் உண்மையில் தலைமறைவாகிறவர்கள் பாஸ்போர்ட்டும் வேறு ஊரில் வீடும் உள்ளவர்கள். காலனியில் இருப்பவர் ஓடி எங்கே போவார்? அவரைத் தேடிப் போகும் போலீஸ்காரர் அவரை அவர் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கிறார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை ஒன்றும் இல்லை. என் சீனியர் தன் மேஜையில் எப்போதும் வைத்திருந்த தீர்ப்பு நகல்களில் ஒன்று, 1978-ல் உச்ச நீதிமன்றம் மோதி ராம் வழக்கில் சொன்னது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. கீழ்க் கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவர் சகோதரர் முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அவர் மறுபடி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மறுப்பைக் கடுமையாகக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அடுத்த வருஷம் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தது. பிகார் சிறைகளில், செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்குரிய உச்சபட்ச தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்களின் வழக்கு அது. வக்கீல் புஷ்பா கபிலா ஹிங்கோரானி நடத்தினார். சொத்தை அளவாக வைத்து ஜாமீன் கேட்கும் முறை ஏழைக்கு விரோதமானது என்று நீதிபதி பி.என். பகவதி எழுதினார். அந்தக் கொத்தனாரின் சகோதரருக்குச் சொன்னதையேதான், பல வருஷம் கழித்து, ஒயர் திருட்டு வழக்கில் அந்த அம்மாவின் அண்ணனுக்கும் சொன்னார்கள். தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கையெழுத்து வாங்கும் ஜன்னலுக்கு வந்து சேரவில்லை.

சொத்துள்ளவர் வார்த்தை நம்பத் தகுந்தது, இல்லாதவர் வார்த்தைக்கு இன்னொருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பதை எங்கள் மண்ணில் பிறந்தவர்கள் மறக்க முடியாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து சாம்பலானார்கள். தீ வைத்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் மிராசுதாரர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்கள் பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது. நிலமும் காரும் அங்கே நன்னடத்தைக்குச் சாட்சியாகிவிட்டன. ஜாமீன் பத்திரத்தில் வீட்டு வரி ரசீதை ஒட்டும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீர்ப்பு ஞாபகம் வரும். அளவு வேறு, அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்.

இதே நம்பிக்கை சிறைக்குள்ளும் உண்டு, 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சிறை விதிகளை எடுத்துப் பாருங்கள். சமூக அந்தஸ்து, படிப்பு, வசதியான வாழ்க்கைக்குப் பழகியவர் என்ற அடிப்படையில் சிறைக்குள் 'ஏ' வகுப்பு கேட்கலாம். உள்ளே போனபிறகும் ஆள் எந்த இடத்திலிருந்து வந்தார் என்று பார்க்கிறார்கள். இந்த மனுவை நானே டைப் செய்து கொடுத்திருக்கிறேன். படிப்புச் சான்றிதழ், வருமான வரிக் காகிதம் எல்லாம் இணைத்து.

பெரிய மனிதருக்குத் தண்டனையே வராது என்று டீக்கடையில் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூர் தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். முதல்வர் பதவியில் இருந்தவர் நேரே சிறைக்குப் போனார். ஆனால் வழக்கு தொடங்கியது 1996-ல். உயர் நீதிமன்றம் 2015-ல் விடுதலை செய்தது, உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் அந்த விடுதலையை ரத்து செய்து விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டபோது அவர் உயிரோடு இல்லை. பணமும் அதிகாரமும் முக்கியமாக வாங்குவது காலத்தை. வேண்டும்போது இழுக்கலாம், வேண்டும்போது விரைவாக்கலாம். 2015 மே 6 அன்று மும்பை செஷன்ஸ் கோர்ட் நடிகர் சல்மான் கானுக்கு ஐந்தாண்டு தண்டனை கொடுத்தது. அன்றே உயர் நீதிமன்றத்தில் மனு, அன்றே இடைக்கால ஜாமீன், அன்றிரவு அவர் வீட்டில் இருந்தார். பின்னால் அந்த வருஷம் டிசம்பரில் மேல்முறையீட்டில் விடுதலையும் ஆனார். அவருக்கு அந்த வேகம் கிடைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அது ஒருவருக்குச் சட்டம் தரும் உரிமை. அன்று மதியமே ஒரு வக்கீல் உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்றால் இது முடியும் என்று நாட்டுக்கே தெரிந்துவிட்டது. கொத்தனாருக்கும் அப்படி முடிய வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். இவர்களில் ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே போக முடியாதவர்கள் உண்டு என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று சில கட்டளைகளைப் பிறப்பித்தது. உத்தரவு வந்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் கோர்ட் தானாகவே முன்வந்து நிபந்தனையைத் தளர்த்தலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டாம். மூன்றாவது வரியைப் படித்தபோது மோதி ராமின் சகோதரருக்கு நாற்பத்தைந்து வருஷம் கழித்துப் பதில் வந்திருக்கிறது என்று என் சீனியர் சொன்னார்.

அதே வருஷம் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. விசாரணைக் கைதி ஒருவருக்கு ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை தரலாம் என்று அப்போது அதில் இருந்தது. நல்ல எண்ணம். ஆனால் எங்கள் கோர்ட்டுகளில் பணம் கேட்பதில்லை, ஆள் கேட்கிறார்கள். அந்த 40,000 ரூபாயால் ஒரு வீட்டு வரி ரசீதையோ ரத்த சம்பந்தமுள்ள ஜாமீன்தாரரையோ கொண்டுவர முடியாது. ஜாமீன்தாரருக்குப் பதில் ரொக்கம் கட்ட அனுமதிக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 445-ஆம் பிரிவு சொன்னது, அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் திட்டம் வேலை செய்யும். நாங்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

நல்ல நீதிபதிகளையும் பார்த்திருக்கிறேன். மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு மாஜிஸ்திரேட், தாயாரும் பக்கத்து வீட்டுக்காரரும் வெறும் ரேஷன் கார்டோடு வந்து நின்றபோது, "பையன் வாய்தாவுக்கு வருவானாம்மா?" என்று கேட்டார். "நானே கூட்டியாறேன் சாமி" என்றார் அந்த அம்மா. அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். பையன் ஒரு வாய்தாகூடத் தவறவில்லை. சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தை எப்போதும் கொடுத்திருந்தது. ஜாமீன் தொகை அளவுக்கு மீறக் கூடாது என்று தனிப் பிரிவே உண்டு. ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்து ஒரு வாரத்துக்குள் பிணை கொடுக்க முடியாதவரை வசதியற்றவர் என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. பயன்படுத்துகிற மனம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஏழையின் விடுதலை ஒரு நீதிபதியின் மனசைப் பொறுத்திருக்கிறது, வசதியுள்ளவருடையது அப்படி இல்லை.

இப்போது ஜாமீன் உத்தரவு வந்ததும் தேதியை நோட்டில் குறித்துவைக்கிறேன். எட்டாம் நாள் ஆள் வெளியே வரவில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கிறோம். கூடவே ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனு, அதில் 2023 உத்தரவின் நகல். கையெழுத்துக் கண்டிஷன் இருந்தால் தினமும் என்பதை வாரம் ஒருமுறை ஆக்கச் சொல்லி, கூலி வேலை என்று தெளிவாக எழுதி இன்னொரு மனு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவின்படி, இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால், சில வழக்குகள் நீங்கலாக, அவரைப் பிணையில் விட வேண்டும். அதற்குக் கோர்ட்டுக்கு எழுதும் கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. எழுதியாயிற்றா என்று கேட்க வேண்டியது நாம்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது உள்ளே இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு, வருமானச் சான்று எதுவும் தேவையில்லை. கைதியே சிறையிலிருந்து எழுதலாம். மனைவியோ தாயோ சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு நேரில் போய் ஒரு வெள்ளைத் தாளில் வழக்கு எண், சிறையின் பெயர், ஜாமீன் கிடைத்த தேதி மூன்றையும் எழுதிக் கொடுத்தாலே போதும். கொடுத்ததற்கு முத்திரை வைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.